என்பியல் பயிலுநர் வைத்தியர்கள் தமது ஆய்வைச் சக வைத்தியர்கள் முன் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் என்பியல், அதாவது எலும்பு மூட்டுச் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்காக வரும் இளம் வைத்தியர்கள், வந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களோடு பல ஆண்டுகள் இருந்து, அவர்களது ஆய்வுகளை மேடைக்கு முன்பும் பின்பும் வாசித்த அனுபவத்தில் அக்கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். அளவில் இவை சமமாக இல்லை. எங்கே அதிகம் பிழை விடுகிறோமோ அங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே ஆய்வு எதற்கு?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் பயிற்சி பெறுபவர்களுக்கு ஆய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்பது முதற்காரணம். ஆனால் அந்தக் காரணத்துக்காக மட்டும் செய்யப்படும் ஆய்வு கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல நாம் எல்லோரும் அறிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்கலாம். என்புப் புற்றுநோயின் எக்ஸ்ரேயில், எலும்பின் மேலுறை தூக்கப்படுவதால் தெரியும் காட்மன் முக்கோணத்தைத் தேடப் படித்திருக்கிறோம். தோள்மூட்டு வலிக்குக் கையைத் தொங்கவிட்டு ஆட்டும் காட்மன் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த ஏர்னஸ்ட் காட்மன் பொஸ்ரன் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் போதிய காலம் பின்தொடர்ந்து, குணமானாரா என்று பார்த்து, ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்று எழுதிவைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. அதனைத் தனது வைத்தியசாலை ஏற்காத நிலையில் 1914 இல் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலிருந்து விலகினார். தாமே நடத்திய சிறு வைத்தியசாலையிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 பேரின் முடிவுகளையும், அங்கே நிகழ்ந்த 123 பிழைகளையும் அவரே பதிந்து அச்சிட்டு வெளியிட்டார். சக வைத்தியர்கள் முன் எழுந்து நின்று ‘எங்கள் வாட்டில் நடந்தது இது’ என்று சொல்லும் பயிலுநர் அவர் தொடங்கிய வேலையைத்தான் செய்கிறார். இந்த மனநிலை இருந்தால் மற்றவை பழகப் பழக வந்துவிடும்.

இவ்வளவு சிறிய மாவட்டத்தில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முக்கியமாக, கொழும்பில் இருப்பவரால் எளிதில் பார்க்க முடியாதவை இங்கே இருக்கின்றன. புல்மோட்டையிலோ வெருகலிலோ மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் திறந்த முறிவு (தோல் கிழிந்து எலும்புவரை காயம் திறந்த முறிவு) ஏற்பட்டவருக்கு, விழுந்த நேரத்திலிருந்து முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடும் வரை எவ்வளவு நேரம் செல்கிறது? தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுபவர்களுக்கு முள்ளந்தண்டில் எந்த மட்டத்தில் முறிவு வருகிறது? வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்குப் பொன்செற்றி முறையில் வாராவாரம் கட்டுப் போட்டுப் பாதத்தை நேராக்கிய பின், இரவில் அணிய வேண்டிய சப்பாத்துக் கம்பியைத் தாய்மார் எத்தனை மாதம் தொடர்ந்து அணிவிக்கிறார்கள்? இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கொப்பியும், அதனை ஒரு நாளும் தவறாமல் நிரப்பும் கையும் போதும்.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். ‘தொடையெலும்பு முறிவுகளின் சிகிச்சை’ என்பது ஆய்வுக் கேள்வியாகாது, அது பாடநூலின் அத்தியாயத் தலைப்பு.

கணக்காய்வுக்கும் ஆய்வுக்கும் என்ன வித்தியாசம்?

ஏற்கெனவே ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு நியமத்தை நமது வாட்டு எந்த அளவுக்கு எட்டுகிறது என்று பார்ப்பது கணக்காய்வு. இதுவரை எவருக்கும் விடை தெரியாத ஒன்றைத் தேடுவது ஆய்வு. பயிலுநருக்குக் கணக்காய்வு தாழ்ந்தது என்ற எண்ணம் தவறானது. ஒரு குறையைக் கண்டு, அதைத் திருத்தி, ஆறு மாதத்தின் பின் மீண்டும் அளந்து காட்டிய கணக்காய்வு, அரைகுறையாக நின்றுபோன ஆய்வைவிடப் பல மடங்கு பயன் தரும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி எப்போது தேவை?

தரவு சேகரிக்கத் தொடங்குவதற்கு முன். சேகரித்து முடித்த பின் அனுமதி கேட்பதற்கு வழி இல்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் வருத்தத்தோடு அறிந்துகொள்கிறார். பழைய குறிப்பேடுகளை மட்டும் பார்க்கும் ஆய்வு என்றாலும் குழுவிடம் கேட்டுவிடுங்கள். அனுமதி தேவையில்லை என்று தீர்மானிப்பதும் குழுவின் வேலையே. இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் மருத்துவப் பரிசோதனையாயின், முதல் நோயாளரைச் சேர்க்குமுன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். நோயாளரின் மொழியில் அதனை வாசித்து விளங்கப்படுத்தும் ஒருவரும் அருகில் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்கிவிட்டதால் மட்டும் சம்மதம் பெற்றதாக ஆகாது.

எத்தனை நோயாளர் இருந்தால் போதும்?

கேள்வியைப் பொறுத்தது. புள்ளியியலாளர் ஒருவரிடம் தொடக்கத்திலேயே பேசுங்கள். ஆனால் சிறிய எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவு சொல்லும் பிழையைத் தவிர்க்க ஒரு சிறு கணக்கை எல்லோரும் மனத்தில் வைத்திருக்கலாம். ஒரு சிக்கல் ஒருவருக்கும் வரவில்லை என்றால், 3 ஐ மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான வீதம் ஏறத்தாழ அந்த அளவு வரை இருக்கக்கூடும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 30 பேருக்கு முறிந்த எலும்பில் உலோகத் தட்டு வைத்து ஒருவருக்கும் கிருமித்தொற்று வரவில்லை என்றால், தொற்று வீதம் பூச்சியம் என்று அது சொல்லவில்லை. 10 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. 300 பேரில் ஒருவருக்கும் வராவிட்டால்தான் அந்த எல்லை 1 சதவீதத்துக்கு இறங்கும்.

என்பியலுக்கே உரிய இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு முழங்கால்களிலும் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவரை இரண்டு பேராக எண்ணுவது அது. இரு கால்களுக்கும் வயதும் உடற்பருமனும் நீரிழிவும் ஒன்றே. ஆகவே எத்தனை பேர், எத்தனை மூட்டுகள் என்று இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள்.

கிளினிக்குக்குத் திரும்பி வராதவர்களை என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதனை வாசியுங்கள்.

நான் பயிலுநராக இருந்தபோது, வேறொரு ஊரில், கணுக்கால் முறிவுகள் பற்றி என் முதலாவது ஆய்வை முன்வைத்தேன். அழகான எக்ஸ்ரேக்கள், நல்ல முடிவுகள், ஒரு வட்ட வரைபடம். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்த மூத்த நிபுணர் ஒருவர் எழுந்து, ‘தம்பி, மிச்ச ஆக்கள் எங்கே?’ என்று மட்டும் கேட்டார். சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களின் தொகை முதலாவது ஸ்லைடில் இருந்தது. முடிவு சொல்லப்பட்டவர்களின் தொகை கடைசி ஸ்லைடில் இருந்தது. இடையில் குறைந்தவர்களைப் பற்றி நான் ஒரு வசனமும் எழுதியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்தும் இருக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. கொப்பியைத் திறந்து பதிலை எழுதக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு இன்றும் நினைவில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 60 பேருக்குச் சிகிச்சை செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டின் பின் 42 பேர் வந்தார்கள், அவர்களில் 38 பேர் நலமாக இருந்தார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் 90 சதவீதம் வெற்றி. வராத 18 பேரும் நலமில்லாமல் இருந்திருந்தால் அது 63 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவிலோ, 90 ஐச் சற்றே கடந்தோ எங்கோ இருக்கிறது. எங்கே என்று உங்கள் ஸ்லைடு சொல்லாவிட்டால் உங்கள் வெற்றி வீதத்துக்குப் பொருளே இல்லை.

திருகோணமலையில் ஒருவர் கிளினிக்குக்கு வராததற்குக் காரணங்கள் பல. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் பருவகாலத்தில் வாடி (தற்காலிகக் குடில்) அமைத்துத் தொழில் செய்யும் மேற்குக் கரை மீனவர், கால் எலும்பில் நாங்கள் வைத்த ஆணியோடு நீர்கொழும்புக்கோ சிலாபத்துக்கோ திரும்பியிருப்பார். கட்டாருக்கோ குவைத்துக்கோ போனவரின் தொலைபேசி இலக்கம் மாறியிருக்கும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன் இருந்ததுபோல் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், மூதூருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஊன்றுகோலோடு பஸ் ஏறிவர ஒரு நாட்கூலி போய்விடும். ஐப்பசி முதல் தை வரை மழை கொட்டும்போது கிளினிக் வாங்குகள் பாதி வெறுமையாக இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சிலர் நன்றாகக் குணமாகிவிட்டதால் வரவில்லை. சிலர் காயத்தில் சீழ் வடிந்ததால் எங்கள்மீது நம்பிக்கை இழந்து வேறு இடத்துக்குப் போனார்கள். இந்த இரு வகையினரும் தரவு அட்டவணையில் ஒரே வெற்றுக் கட்டமாகத்தான் தெரிவார்கள்.

ஆகவே முதல் நாளே நோயாளரின் இலக்கத்தோடு வீட்டிலுள்ள இன்னொருவரின் இலக்கத்தையும் சம்மதத்துடன் எழுதிக்கொள்ளுங்கள். வராதவர்களுக்குப் பின்னேரத்தில் எடுத்துப் பேசுங்கள். பகலில் வயலிலோ கடலிலோ இருப்பார்கள். நடக்கிறாரா, வலி இருக்கிறதா, வேறெங்காவது மீண்டும் சத்திரசிகிச்சை செய்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே பெரிய விடயம். எவ்வளவு முயன்றும் கிடைக்காதவர்களின் வயது, முறிவின் வகை, ஊர் ஆகியவற்றை வந்தவர்களுடையதோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அந்த ஒரு ஸ்லைடு நீங்கள் காட்டும் மிக அழகான எக்ஸ்ரேயைவிடப் பெறுமதியானது என்பது என் உறுதியான எண்ணம்.

பாரம்பரிய முறிவு வைத்தியரிடம் முதலில் போய்விட்டு வந்தவர்களைப் பற்றி எப்படிப் பேசுவது?

மரியாதையோடும் கணக்கோடும். இறுக்கிக் கட்டிய மூங்கில் தப்பைக்குள் கை வீங்கி, இரத்தவோட்டம் தடைப்பட்டு, விரல்கள் கறுத்த நிலையில் வந்த பிள்ளையைப் பார்த்த வைத்தியருக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தப் படத்தைக் காட்டலாம். ஆபத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதிலிருந்து ‘முறிவு வைத்தியத்தில் இத்தனை சதவீதம் கெடுகிறது’ என்று சொல்ல உங்களால் முடியாது. அவரிடம் போய் எண்ணெய் போட்டுக் கட்டிக் குணமானவர்கள் உங்களிடம் வருவதில்லை. கெட்டவர்கள் மட்டுமே வருகிறார்கள். மேலே சொன்ன வராதவர்களின் கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது. இந்த மாவட்டத்திலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அங்குள்ளவர்களோடு சேர்ந்து, முறிவு நேர்ந்த நாளிலிருந்தே இரு பக்கத்தாரையும் எண்ணும் ஆய்வொன்றை யாராவது ஒரு பயிலுநர் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

முடிவை எதனால் அளப்பது? பிற நாட்டுப் புள்ளித்திட்டங்களைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், அவை எதைக் கேட்கின்றன என்று வாசித்த பின். இடுப்புமூட்டுக்கு நாம் அடிக்கடி எடுக்கும் ஹரிஸ் புள்ளித்திட்டம் 1969 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மொத்தம் 100 புள்ளிகள். வலிக்கு 44, செயற்பாட்டுக்கு 47. செயற்பாடு என்பதில் படியேறுவது, கதிரையில் இருப்பது, பொது வாகனத்தில் ஏறுவது, காலுறையும் சப்பாத்தும் அணிவது ஆகியவை வருகின்றன. வாழ்நாளில் காலுறை அணியாத கிண்ணியா விவசாயியிடம் அதைக் கேட்டு எழுதும்போது நாம் எதை அளக்கிறோம்? அவருக்கு வேண்டியது தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூது செய்வது. கோணேசர் கோயிலுக்குப் போகும் அம்மாவுக்கு வேண்டியது தரையில் சப்பணமிட்டு இருந்து எழும்புவது. வீட்டில் குந்தியிருந்து பாவிக்கும் கழிப்பறையே இருந்தால், அதுதான் அவரது நாளின் மிகக் கடினமான வேலை. ஹரிஸ் திட்டத்தில் இவற்றுக்குப் புள்ளி இல்லை.

புள்ளித்திட்டத்தை நீங்களாகவே திருத்தி அதே பெயரில் வெளியிடக் கூடாது. அப்படிச் செய்தால் வேறெவருடைய முடிவோடும் ஒப்பிட முடியாது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தரையில் இருத்தல், குந்துதல், தொழுகை ஆகியவற்றைத் தனிக் கேள்விகளாகச் சேர்த்து, தனி ஸ்லைடில் காட்டுங்கள். தமிழில் கேட்பதாயின் மொழிபெயர்ப்பை இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்ரே படங்களைக் காட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

படத்தின் மூலையை. ஒரு கூட்டத்தில் பயிலுநர் ஒருவர், ஒளிப்பெட்டியில் வைத்துக் கைத்தொலைபேசியில் பிடித்த எக்ஸ்ரேயைத் திரையில் போட்டார். படம் பெரிதானபோது இடது மூலையில் நோயாளரின் முழுப் பெயரும் வயதும் பி.எச்.ரி. (வாட்டுக் குறிப்பேட்டு) இலக்கமும் கையளவு எழுத்தில் தெரிந்தன. முன்வரிசையிலிருந்த தாதி ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்; அவர் அந்த நோயாளரின் அயலவர். சிறிய ஊரில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது: ஊர், தொழில், விபத்து நடந்த நாள் மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

மற்றபடி, சத்திரசிகிச்சைக்கு முன், உடனடியாகப் பின், கடைசிப் பரிசோதனை ஆகிய மூன்று நிலைகளையும், முன்பக்கம் பக்கவாட்டு என இரு கோணங்களிலும் காட்டுங்கள். மிகச் சிறப்பாக வந்த ஒன்றை மட்டும் காட்டாமல், நடுத்தரமான ஒன்றையும் கெட்டுப்போன ஒன்றையும் காட்டுங்கள்.

முறிவுகளை நானே வகைப்படுத்தினேன். போதாதா?

போதாது. திறந்த முறிவுகளுக்குக் கஸ்ரிலோவும் அன்டர்சனும் 1976 இல் தந்த வகைப்பாட்டை நாம் தினமும் எழுதுகிறோம். அதனால் எல்லோரும் ஒன்றையே எழுதுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1994 இல் வெளியான ஓர் ஆய்வில் 245 நிபுணர்களுக்கு ஒரே காயங்களைக் காட்டியபோது சராசரி உடன்பாடு 60 சதவீதமே. ஆகவே இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், தனித்தனியே வகைப்படுத்தி, உடன்பாட்டைக் கப்பா மதிப்பாக (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த அளவாக) சொல்வதே முறை.

பி-மதிப்பு 0.05 இற்குக் கீழே வந்துவிட்டது. ஆய்வு வெற்றிதானே?

உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்புக் குறைவு என்றே அது சொல்கிறது. அந்த வித்தியாசம் நோயாளருக்குப் பயன்படுமா என்பதைச் சொல்லவில்லை. முழங்கால் மடிப்பில் இரண்டு பாகை கூடியதை அவர் உணரவே மாட்டார். வித்தியாசத்தின் அளவையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லைகளையும்) முதலில் சொல்லி, பி-மதிப்பைப் பின்னால் சொல்லுங்கள்.

எத்தனை ஸ்லைடு? எவ்வளவு நேரம்?

தரப்பட்ட நேரத்தைவிட ஒரு நிமிடம் குறைவாக. நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடு என்ற கணக்கு பெரும்பாலும் சரிவரும். முறிவின் வரலாற்றுக்கு மூன்று ஸ்லைடு ஒதுக்கி முடிவுகளுக்கு நேரமில்லாமல் ஓடாதீர்கள். உங்கள் முன் இருப்பவர்களும் என்பியல் வைத்தியர்களே.

எந்த மொழியில் பேசுவது?

ஸ்லைடுகள் ஆங்கிலத்தில் இருப்பது நடைமுறை. கலந்துரையாடலில் கேட்பவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அதில் பதில் சொல்லலாம். வாட்டுத் தாதியரும், இயன்மருத்துவர்களும், பிளாஸ்டர் அறையில் இருப்பவர்களும் வந்திருந்தால், முக்கியமான முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு வசனத்தில் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அதைச் செயற்படுத்த வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பதில் தெரியாத கேள்வி வந்தால்?

‘அதை நான் பார்க்கவில்லை, தரவில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்’ என்பது முழுமையான பதில். சொன்னபடி பார்த்துச் சொல்லவும் வேண்டும். கேள்வி கேட்பவர் உங்கள் பயிற்சிப் பொறுப்பாளராக இருந்தாலும், உங்கள் தரவு வேறு விதமாகச் சொன்னால், ‘சேர், எங்களுக்குக் கிடைத்தது இதுதான்’ என்று பணிவாகச் சொல்லி அந்த ஸ்லைடுக்குத் திரும்பிச் செல்லுங்கள். பணிவுக்காக எண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

முடிவு மோசமாக வந்திருக்கிறது. முன்வைக்கத்தான் வேண்டுமா?

ஆம். கிருமித்தொற்று எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கண்டால், முதலில் உங்கள் நிபுணரிடம் தனியே சொல்லுங்கள். கூட்டத்தில்தான் அவர் அதை முதன்முதலாக அறிய நேரக் கூடாது. பிறகு யாருடைய கை என்று பேசாமல், எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு தாமதம், கருவிகள் எப்படிக் கிருமிநீக்கப்பட்டன என்று பேசுங்கள்.

ஆய்வறிக்கையில் யார் பெயரைப் போடுவது?

திட்டமிட்டவர், தரவு சேகரித்தவர், அலசியவர், எழுதியவர் ஆகியோரில், இறுதி வடிவத்தை வாசித்து அதற்குப் பொறுப்பேற்பவர்கள் ஆசிரியர்கள். வாட்டுக்குத் தலைவர் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சேர்ப்பது சரியல்ல. இதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிவைத்தால் பின்னர் மனக்கசப்பு வராது.

முன்வைத்து முடித்த பின், இடமாற்றம் வந்துவிட்டது. தரவை என்ன செய்வது?

பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் உள்ள பட்டியல் வைத்தியசாலையைவிட்டு வெளியே போகக் கூடாது. உங்கள் மடிக்கணினியிலோ வட்ஸ்அப் குழுவிலோ அது இருக்கவே கூடாது. இலக்கமிடப்பட்ட, பெயரற்ற தரவுக் கோப்பு வேறு. அதைக் கடவுச்சொல்லோடு வைத்திருக்கலாம். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே, அடுத்து வரும் பயிலுநர் தொடர்வார் என்பதையும் சேர்த்து எழுதியிருங்கள். போகும் நாளில் அவரை அழைத்து, பூட்டிய அலுமாரியிலுள்ள கொப்பியைத் திறந்து, யாருக்கு எந்த மாதம் ஓராண்டு நிறைகிறது, யாருக்கு இன்னும் பேச முடியவில்லை, யாருடைய மகளின் இலக்கத்துக்கு எடுத்தால் விவரம் கிடைக்கும் என்று ஒவ்வொரு வரியாகக் காட்டிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.